வீட்டு வாசலுக்கு ஒரு வெட்சி வேலி

(வானொலியின் பண்ணை நிகழ்ச்சியில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நெல்லுக்கு என்ன உரம், கடலைக்கு என்ன மருந்து, கரும்புக்கு எத்தனை தண்ணீர் என்றுதான் இந்த நேரத்தில் வழக்கமாகப் பேசுவோம். இன்றைக்கு வயலை விட்டு வீட்டு வாசலுக்கு வருகிறேன். வீட்டைச் சுற்றிக் குட்டையாக, அடர்த்தியாக, வருஷம் பூரா பச்சையாக நிற்கிற செடி வைப்பது எப்படி என்பதுதான் இன்றையப் பேச்சு. "இதெல்லாம் பங்களாக்காரர்கள் சமாச்சாரம், நமக்கு எதுக்கு?" என்று எழுந்து போய்விடாதீர்கள். செடியைத் தப்பாகத் தேர்ந்தெடுத்து நானே பட்ட பாடு ஒன்று உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கொஞ்ச நாளைக்கு முன்னால் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். அந்த வீட்டின் முன்னால் எடுத்த போட்டோவைச் செல்போனில் காட்டினார். ஜன்னலுக்குக் கீழே இடுப்பு உயரத்துக்கு, மெழுகு பூசின மாதிரி பளபளப்பான இலையோடு ஒரு வரிசைச் செடி. நடுவே சிவப்புச் சிவப்பாகப் பழம். "சார், இது பேரு ஹாலியாம். பனி கொட்டினாலும் இலை உதிராதாம். ஒரு கன்னு வாங்கித் தர முடியுமா?" என்று கேட்டார்.

நான் சொன்னேன்: "ஐயா, அது குளிருக்குப் பிறந்த செடி. அதிலே ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் செடியில்தான் பழம் வரும். அந்தக் குடும்பத்து மரங்கள் நம்ம நீலகிரிச் சோலைக் காட்டிலேயும் உண்டு. ஆனா நம்ம ஊர் சித்திரை வெயிலில் அந்த அமெரிக்கச் செடியைக் கொண்டுவந்து நட்டால், செடிக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம். அதுக்குப் பதிலா, நம்ம மண்ணிலேயே பிறந்த ஒன்று இருக்கு. வெட்சி வையுங்கள்."

வெட்சி என்றால் சிலருக்குத் தெரியாது. இட்லிப்பூ என்றால் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். நாலு இதழ் கொண்ட சின்னச் சின்னப் பூக்கள், கொத்தாகச் சேர்ந்து இட்லி மாதிரி உப்பலாக நிற்கும். தென்னிந்தியாவும் இலங்கையும்தான் இதற்குப் பிறந்த வீடு. தொல்காப்பியத்தில் ஆநிரை கவரும் போருக்கு வெட்சித் திணை என்று பெயர் வைத்தார்களே, அந்த வெட்சி இதுதான். முருகனுக்கு உகந்த பூ. பழம் பழுத்துக் கருஞ்சிவப்பாக இருக்கும். பிள்ளைகள் பறித்துத் தின்பார்கள், பறவைகளும் வரும். தின்றால் ஒன்றும் ஆகாது. இந்த ஒரு வார்த்தையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெட்சியில் இரண்டு விதம் நாற்றங்காலில் கிடைக்கும். ஒன்று, பெரிய இலையுள்ள நாட்டு வெட்சி. விட்டால் ஆள் உயரத்துக்கு மேலே போகும். வெட்டி வைத்தால் மூன்று நாலு அடியில் நிற்கும். இன்னொன்று, சின்ன இலையுள்ள குட்டை ரகம். முழங்கால் உயரத்துக்கு அடக்கமாக இருக்கும். நடைபாதை ஓரத்துக்கு நல்லது. வேலிக்கு நாட்டு வெட்சி, ஓரத்துக்குக் குட்டை வெட்சி என்று வைத்துக்கொள்ளலாம்.

கன்று வாங்கும்போது பூ நிறைய இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். அடியிலிருந்து மூன்று நாலு கிளை பிரிந்திருக்கிறதா, இலை கரும்பச்சையாக இருக்கிறதா, இலைக்கு அடியில் பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். பாலிதீன் பையில் ரொம்ப நாள் கிடந்த கன்றுக்கு வேர் பையைச் சுற்றிச் சுற்றிப் பாய் முடைந்த மாதிரி இருக்கும். அப்படி இருந்தால் நடும்போது வேரைக் கையால் மெல்லப் பிரித்துவிட்டு நடவேண்டும். இல்லாவிட்டால் வேர் தன் பழைய சுற்றிலேயே நின்றுவிடும்.

காசு போட்டு வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை. பக்கத்து வீட்டில் வெட்சி இருந்தால் மழைக்காலத்தில் நாலு குச்சி கேளுங்கள். ரொம்ப இளசும் இல்லாமல், ரொம்ப முற்றலும் இல்லாமல், பென்சில் கனத்தில் அரை அடி நீளத்துக்கு வெட்டி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, மணல் கலந்த மண்ணில் இரண்டு கணு உள்ளே போகிற மாதிரி ஊன்றுங்கள். நிழலில் வைத்து ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் ஒன்றரை இரண்டு மாசத்தில் வேர் விடும். பத்து குச்சி வைத்தால் பத்தும் பிழைக்காது. அதனால் தேவைக்கு மேல் ஐந்தாறு கூடவே வையுங்கள்.

இனி நடவு. ஆடி, ஆவணி நல்ல காலம். வடகிழக்குப் பருவமழை கொட்டுவதற்கு முன் வேர் பிடித்துக்கொள்ளும். வேலியாக வைப்பதானால் தனித்தனிக் குழி வேண்டாம். ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்துக்கு வாய்க்கால் மாதிரி ஒரே குழியாகத் தோண்டுங்கள். சுவரிலிருந்து இரண்டரை அடி தள்ளித் தோண்டவேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் எல்லையிலிருந்தும் இரண்டடி உங்கள் பக்கம் தள்ளி வையுங்கள். இன்றைக்கு அரை முழக் கன்றுதான். நாலு வருஷத்தில் கிளை அவர்கள் பக்கம் நீட்டும். செடிக்காக அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்றுபோன வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

செம்மண் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, மக்கிய இலைதழை ஒரு பங்கு என்று கலந்து குழியை நிரப்புங்கள். நாட்டு வெட்சிக்குச் செடிக்குச் செடி ஒன்றரை அடி. இருபது அடி நீளத்துக்குப் பதினாலு கன்று பிடிக்கும். குட்டை ரகத்துக்கு ஒரு அடி போதும். முதல் வருஷம் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை தண்ணீர்; அப்புறம் மழை இல்லாத நாளில் வாரம் ஒரு தடவை போதும். காய்ந்த இலை, தேங்காய் மட்டை இவற்றைச் செடியைச் சுற்றிப் பரப்பினால் ஈரம் நிற்கும். ஆனால் தண்டை ஒட்டிப் போடாதீர்கள். நாலு விரல்கடை இடம் விடுங்கள். இல்லாவிட்டால் கரையான் ஏறும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். வெட்சி வைத்தவர்கள் பத்துப் பேரில் பாதிப்பேர் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "சார், இலை ஏன் மஞ்சளாகுது?"

புது வீடு கட்டிக் குடிபோன ஒரு அம்மா, காம்பவுண்டுச் சுவரை ஒட்டி இருபது கன்று வைத்திருந்தார்கள். நாலு மாசத்தில் கொழுந்து இலையெல்லாம் மஞ்சள். யூரியா போட்டார்கள். குணமில்லை. சாணி கரைத்து ஊற்றினார்கள். குணமில்லை. யாரோ சொன்னார்கள் என்று அடுப்புச் சாம்பலைக் கொட்டினார்கள். மஞ்சள் வெளுத்து வெள்ளையாகவே போய்விட்டது. நான் போய் ஒரு மண்வெட்டி மண்ணைப் புரட்டினேன். உள்ளே சிமெண்டுக் கட்டி, சுண்ணாம்புக் காரை, செங்கல் துண்டு. கொத்தனார் வேலை முடித்து மிச்சத்தையெல்லாம் சுவரோரமாகத் தள்ளி மேலே மண்ணைப் போட்டு மூடிவிட்டுப் போயிருக்கிறார்.

காரணம் என்னன்னா, வெட்சிக்குக் கொஞ்சம் புளிப்பான மண்தான் பிடிக்கும். மண்ணின் கார அமில நிலையை எண்ணில் சொல்வார்கள். 7 என்றால் நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். வெட்சிக்கு ஐந்தரையிலிருந்து ஆறரை வரை இருந்தால் சுகம். சிமெண்டும் சுண்ணாம்பும் மண்ணைக் காரமாக்கிவிடும். காரமான மண்ணில் இரும்புச் சத்து கரையாமல் கெட்டிப்பட்டுப் போகும். செம்மண்ணுக்குச் சிவப்பு நிறம் தருவதே இரும்புதான். ஆனாலும் வேர் உறிஞ்ச முடியாது. பானை நிறையச் சோறு இருக்கிறது, மூடியைத் திறக்க முடியவில்லை என்கிற கதைதான். நான் சொன்னேனே அந்த ஹாலிச் செடி, அதுவும் புளிப்பு மண் கேட்கிற சாதிதான். அங்கேயும் புது வீட்டு அஸ்திவாரத்தை ஒட்டி வைத்தால் இதே மாதிரி மஞ்சளாகும்.

எந்தச் சத்துக் குறை என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். அடி இலை, அதாவது பழைய இலை முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறை. கொழுந்து இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக வலை பின்னின மாதிரி தெரிந்தால் இரும்புக் குறை. இரண்டையும் குழப்பிக்கொண்டு யூரியா போடாதீர்கள்.

சுவரோரத்து மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்ன வழி உண்டு. காய்ந்த மண்ணை ஒரு கிண்ணத்தில் போட்டு எலுமிச்சம்பழத்தைப் பிழியுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு ஏராளமாக இருக்கிறது என்று அர்த்தம். பொங்கவில்லை என்பதற்காக நல்ல மண் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். சரியாகத் தெரியவேண்டுமானால் அரைக் கிலோ மண்ணை மண் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்புங்கள். வயல் மண்ணைத்தான் வாங்குவார்கள் என்று நினைக்காதீர்கள். வீட்டு மண்ணும் மண்தான்.

பரிகாரம் இரண்டு. முதலாவது, உடனடி முதலுதவி. அன்னபேதி உப்பு, அதாவது பெரஸ் சல்பேட், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் எடுத்து, அரை எலுமிச்சம்பழம் பிழிந்து கரைத்து, சாயங்கால வேளையில் கொழுந்து இலை நனையத் தெளியுங்கள். பத்துப் பதினைந்து நாள் விட்டு இன்னொரு தடவை, தேவைப்பட்டால் மூன்றாவது தடவை. கரைத்ததை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும்; வைத்திருந்தால் துருப்பிடித்துப் பழுப்பாகிவிடும், பிறகு பயனில்லை. இன்னொன்று, தெளிக்கும்போது சுவரைக் கோணிச் சாக்கால் மறைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை அடித்த சுவரில் பட்டால் துருக்கறை போகவே போகாது. அப்புறம் வீட்டில் என்னைத் திட்டுவார்கள்.

இரண்டாவதுதான் நிரந்தர வைத்தியம். காரை, சிமெண்டுக் கட்டியையெல்லாம் தோண்டி வெளியே எடுத்துவிட்டு, புது மண்ணும் மக்கிய இலையும் போட்டு நிரப்ப வேண்டும். அந்த அம்மா அப்படித்தான் செய்தார்கள். இரண்டு மாசத்தில் வந்த கொழுந்து பச்சையாக வந்தது. செத்தது போக மீதி பதினாறு செடி இன்றைக்கும் நிற்கிறது. சாம்பல் மட்டும் வேண்டவே வேண்டாம், அதுவும் காரம். துணி துவைத்த சோப்புத் தண்ணீரும் வேண்டாம். அரிசி களைந்த தண்ணீர் ஊற்றலாம். போர் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதா? அந்தத் தண்ணீரும் நாளாவட்டத்தில் மண்ணைக் காரமாக்கும். கூரைத் தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றினால் செடிக்கு அதைவிட மருந்து இல்லை. பொங்கலுக்கு வெள்ளை அடிக்கும்போது சுண்ணாம்புத் தண்ணீர் வேரில் சொட்டாமல் ஒரு பழைய பாயைப் போட்டு மூடுங்கள்.

கவாத்து பற்றி இரண்டு வார்த்தை. கன்று ஒரு அடி உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். மனசு வராதுதான். ஆனால் கிள்ளினால்தான் அடியில் கிளை பிரியும். வேலியை வெட்டும்போது அடி அகலமாகவும் மேலே குறுகலாகவும் இருக்கட்டும். நிறையப்பேர் மேலே குடை மாதிரி விட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் கீழ்க் கிளைக்கு வெயில் படாது, இலை கொட்டி அடி மொட்டையாகிவிடும். வெட்சி புதுக் கொழுந்தின் நுனியில்தான் பூக்கும். அதனால் ஒரு கொத்து பூத்து ஓய்ந்ததும் லேசாக நுனியை வெட்டுங்கள். பலமான கவாத்து ஆவணி, புரட்டாசியில். சித்திரை, வைகாசி வெயிலில் கத்தரிக்கோலை எடுக்கவே வேண்டாம்.

இலை மேல் கரி பூசின மாதிரி கருப்பாக இருந்தால், அது இலையில் வந்த நோய் என்று நினைக்காதீர்கள். மேலே எங்கேயோ மாவுப்பூச்சியோ செதிள் பூச்சியோ இருக்கிறது. அது கழிக்கிற இனிப்புத் தண்ணீரில் வளர்கிற பூசணம்தான் அந்தக் கருப்பு. எறும்பு ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். எறும்பே உங்களுக்கு இடத்தைக் காட்டிக்கொடுக்கும். ரொம்பப் பிடித்த கிளையை வெட்டி எறியுங்கள். மீதிக்கு மீன் எண்ணெய் சோப்பு லிட்டருக்கு 25 கிராம், அல்லது வேப்ப எண்ணெய் 20 மில்லியோடு கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து இலையின் அடிப்பக்கம் நனையத் தெளிக்கலாம். சாயங்காலம் தெளியுங்கள். முதலில் ஒரு கிளையில் அடித்துப் பார்த்து, இலை கருகவில்லை என்றால் மற்றதற்கு அடியுங்கள்.

"செடி அடர்ந்தால் பாம்பு வராதா?" என்று தாய்மார்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பாம்பு செடியைத் தேடி வருவதில்லை. எலியையும் தவளையையும் தேடி வருகிறது. தரையிலிருந்து அரை அடிக்குக் கிளையை நீக்கி, அடியைப் பெருக்கி வையுங்கள். ஓட்டுத்துண்டு, விறகு, செங்கல் இவற்றை வேலியோரம் குவிக்காதீர்கள். எலி வளை தெரிந்தால் உடனே அடையுங்கள்.

வெட்சி எல்லா ஊருக்கும் சரிப்படாது. கரிசல் பூமியிலும் சுண்ணாம்பு மண்ணிலும் மல்லுக்கட்ட வேண்டாம். அங்கே மருதாணி வையுங்கள். வறட்சி தாங்கும், ஒரு அடிக்கு ஒன்று நட்டு வெட்டி வெட்டி வளர்த்தால் வேலியுமாச்சு, பெண்பிள்ளைகள் கைக்கு அழகுமாச்சு. கடற்கரை உப்புக்காற்று அடிக்கிற ஊரில் சங்கங்குப்பி வையுங்கள். குச்சி ஊன்றினாலே வரும். ஆடு நடமாட்டம் அதிகமானால் ஆடாதோடை இருக்கிறது. கசப்பினால் ஆடு தொடாது என்பதால்தான் அந்தப் பெயர் வந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதை வருஷத்துக்கு இரண்டு தடவை நன்றாக வெட்டிவிட வேண்டும்.

ஆடு என்றதும் என் கதைக்கு வந்துவிட்டேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கிராமத்தில் வாடகை வீட்டில் இருந்தேன். வாசலில் வேலி வைக்க ஆசை. பட்டப்படிப்புப் படித்தவன் இல்லையா? யோசித்து யோசித்து அரளியைத் தேர்ந்தெடுத்தேன். தண்ணீர் கேட்காது, எந்த மண்ணிலும் வரும், வருஷம் பூரா பூக்கும், கசப்பினால் ஆடு மாடும் கடிக்காது. இரண்டு வருஷத்தில் வேலி ஜோராக வந்தது. போகிறவர் வருகிறவரெல்லாம் பாராட்டினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலியை வெட்டினேன். கீழே முளைத்திருந்த புல்லையும் செதுக்கினேன். இரண்டையும் சேர்த்து வேலிக்கு வெளியே ஒரு குவியலாகப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன்.

எதிர்வீட்டில் ஒரு அம்மா. வீட்டுக்காரர் இல்லை. இரண்டு ஆடு வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் சினை ஆடு ஒன்று அந்தக் குவியலில் வாய் வைத்துவிட்டது. பச்சையாக நிற்கிற அரளியைத் தொடாத ஆடு, வாடின தழையைப் புல்லோடு புல்லாகத் தின்றுவிட்டது. வாடினாலும் காய்ந்தாலும் அரளியின் விஷம் போவதில்லை. கால்நடை டாக்டர் வருவதற்குள் ஆடு போய்விட்டது. அவர் குவியலைக் கிளறிப் பார்த்து என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

ஆட்டுக்கு உண்டான பணத்தைக் கொடுத்தேன். அந்த அம்மா வாங்கிக்கொண்டார்கள். சண்டை போடவில்லை. "நீங்க படிச்சவங்க சார். உங்களுக்குத் தெரியாதா?" என்று மட்டும் கேட்டார்கள். எனக்குத் தெரியும். அரளி விஷம் என்பது புத்தகத்திலேயே இருக்கிறது. தெரிந்திருந்தும், வெட்டின தழை எங்கே போய்ச் சேரும் என்று நான் யோசிக்கவில்லை. அதே வாரம் வேலியை வேரோடு எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குச் செடி சொன்னாலும், முதலில் அந்த வீட்டில் குழந்தை இருக்கிறதா, எதிர்வீட்டில் ஆடு இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் சொல்வது.

சாலை நடுவில் அரளி நிற்கிறது, கோவில் நந்தவனத்தில் நிற்கிறது. நிற்கட்டும், அங்கே மேய்ச்சல் இல்லை. ஆனால் குழந்தை தவழ்கிற வாசலிலும், ஆடு மாடு திரிகிற தெருவிலும் அரளி வேண்டாம். மஞ்சள் அரளி, அதாவது பொன்னரளி, அதைவிட வேண்டாம். அதன் விதை ஆளைக் கொல்லும். ஏற்கனவே வைத்திருப்பவர்கள் வெட்டின தழையைத் தெருவில் போடாதீர்கள், கொளுத்தாதீர்கள், குழி தோண்டிப் புதையுங்கள். யாராவது விதையையோ இலையையோ தின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். உண்ணிச்செடியும் அப்படித்தான். பூ அழகாக இருக்கும். மாடு ஆடு தின்றால் ஆபத்து, அதோடு காடு மேடெல்லாம் பரவி நம்மை விரட்டும்.

ஆகவே, வீட்டைச் சுற்றிச் செடி வைக்கப்போகிறீர்கள் என்றால் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். இந்த மண் அதற்குப் பிடிக்குமா? நாலு வருஷத்துக்குப் பிறகு எவ்வளவு பெரிசாகும்? அதன் இலையோ காயோ யார் வாயில் போனாலும் ஒன்றும் ஆகாதா? மூன்றுக்கும் நல்ல பதில் கிடைத்தால் தாராளமாக நடுங்கள். அந்த ஆசிரியர் வெட்சிதான் வைத்தார். சென்ற மாதம் மகளுக்கு அவர் ஒரு போட்டோ அனுப்பினாராம். "அப்பா, எனக்கு அந்தச் செடி ஒன்று கிடைக்குமா?" என்று அவள் கேட்டாளாம்.